அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிய தாய்க்கு

நான்கு பக்கக் கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கத்தைத் தருகிறேன்.

வயது 27. தலைப்பிரசவம். பெண் குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம், தாய்வீட்டில் இருக்கிறார். பச்சை உடம்பு என்று அம்மா அடுப்படிப் பக்கமே விடவில்லையாம். குழந்தைக்கு ஐம்பது நாள் ஆனபோதுதான் முதல்முறையாக அரிவாள்மனையில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கியிருக்கிறார். எதிரே தூளியில் குழந்தை. திடீரென்று, யாரோ கண்ணெதிரே படம் போட்டுக் காட்டியதுபோல ஒரு காட்சி: குழந்தையை இதில் வைத்து... அதற்கு மேல் எழுதாமல் புள்ளிகள் வைத்திருக்கிறார். அப்படியே எழுந்து கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாராம்.

அன்று சாயங்காலமே அரிவாள்மனை பழைய சேலையில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போனது. அடுத்த வாரம் கத்தரிக்கோல், அப்புறம் பிளேடு, பிறகு அம்மிக் குழவி. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது ‘மூக்கில் தண்ணீரை ஊற்றிவிடுவேனோ’ என்று தோன்ற, அந்த வேலையும் அம்மாவிடம் போய்விட்டது. இப்போது பால் கொடுக்க மட்டும் குழந்தையைத் தொடுகிறார், அதுவும் அம்மா பக்கத்தில் இருந்தால்தான். ராத்திரியில் ‘நான் ஒண்ணும் பண்ணிட மாட்டேன்லம்மா?’ என்று பத்து இருபது தடவை கேட்கிறார். ‘முருகா’ என்று 21 தடவை சொல்கிறார். நடுவில் அந்த நினைப்பு குறுக்கிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. எல்லோரும் தூங்கிய பிறகு, பெற்ற பிள்ளையைக் கொன்ற தாய்மார்களைப் பற்றிய செய்திகளை போனில் தேடி, ‘நான் இவளைப் போலவா?’ என்று ஒப்பிட்டுக்கொண்டு ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருக்கிறார்.

அம்மா இதைக் காத்து கருப்பு என்கிறார். மந்திரித்துத் தாயத்தும் கட்டியாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் கணவருக்கு எதுவும் தெரியாது. ஆவணியில் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

அவர் கேட்பது இவை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? டாக்டரிடம் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா, போலீசில் சொல்லிவிடுவார்களா? மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? கணவரிடம் சொல்லலாமா? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொன்று: ‘அரிவாள்மனையை எப்போதாவது கீழே இறக்கலாமா மேடம்?’

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி கத்தியைப் பற்றியது அல்ல. மூன்றாம் பக்கத்தில், ‘இப்படி ஒரு அம்மா இருப்பதைவிட இல்லாமல் போய்விடுவதே அவளுக்கு நல்லது என்று தோன்றுகிறது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. மற்ற எதற்கும் ஒரு வாரம் பொறுக்கலாம், இதற்குக் கூடாது. இன்றே உங்கள் அம்மாவிடம் இந்த வரியை மட்டுமாவது சொல்லுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. ராப்பகலாக எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணம் அழுத்தமாக வந்தாலோ, எப்படி என்று மனசு யோசிக்கத் தொடங்கினாலோ, போனோடு நிற்காமல் யாரையாவது கூட்டிக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, இனி மற்றதற்கு வருவோம்.

கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது, நேரில் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, மனநல மருத்துவர்கள் வாரந்தோறும் கேட்கிற கதை. இதை ஓசிடி என்போம். தமிழில் எண்ணச் சுழற்சி நோய். ஓசிடி என்றதும் கையைக் கழுவிக்கொண்டே இருப்பவர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறார். சினிமாவும் அப்படித்தான் காட்டுகிறது. உண்மையில் கை கழுவுவது அதன் ஒரு முகம் மட்டும். நேசிக்கிற ஒருவரை நாமே ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம், சாமி படத்தைப் பார்த்ததும் வரும் அசிங்கமான நினைப்பு, வண்டியில் போகும்போது யாரையோ இடித்துவிட்டோமோ என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது, இவையும் அதே நோய்தான். வெளியே சொல்லக் கூச்சமாக இருப்பதால் இவை நம் காதுக்கு வருவதில்லை. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் ஓசிடி வருகிறது. பேறுகாலமும் அதற்குப் பிந்தைய சில மாதங்களும் அது புதிதாகத் தலைகாட்டவோ, ஏற்கெனவே இருந்தால் கூடவோ தோதான காலம். தூக்கம் இல்லை, ஹார்மோன்கள் ஏறி இறங்குகின்றன, போதாததற்கு ஒரு சின்ன உயிரின் பொறுப்பு மொத்தமும் தலையில். பள்ளிக்கூட நாட்களில் வீட்டுப் பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விதை அப்போதே இருந்திருக்கலாம்.

அந்த நினைப்பு ஏன் வந்தது?

எல்லோருக்கும் வருவதால் வந்தது. பலரும் நம்ப மறுக்கிற விஷயம் இது. 1978-ல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டி சில்வா இலங்கையில் பிறந்தவர். எந்த மனநோயும் இல்லாதவர்களிடம், வேண்டாத விபரீத நினைப்புகள் உங்களுக்கு வருமா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வரும் என்றார்கள். நோயாளிகளின் நினைப்புகளையும் இவர்களுடையதையும் கலந்து வைத்து, யாருடையது எது என்று கேட்டபோது, மனநலத் துறையில் இருப்பவர்களாலேயே சரியாகப் பிரிக்க முடியவில்லை. புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் பின்னாளில் கேட்டுப் பார்த்ததில், வேண்டுமென்றே குழந்தைக்குத் தீங்கு செய்வதுபோன்ற நினைப்பு ஒருமுறையாவது குறுக்கிட்டதாக ஏறத்தாழப் பாதிப் பேர் சொன்னார்கள். உங்கள் தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்கும் வந்திருக்கும். ‘சீ, என்ன நினைப்பு’ என்று உதறிவிட்டுச் சாம்பாரைக் கிளறியிருப்பார்கள்.

நீங்கள் உதறவில்லை. ‘இப்படி நினைத்தேன் என்றால் நான் எப்படிப்பட்டவள்?’ என்று கேட்டீர்கள். நோய் தொடங்கியது அந்தக் கேள்வியில். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்னாராம், அதன் பிறகு மருந்தை எடுத்தாலே குரங்கு வந்து உட்கார்ந்துகொண்டதாம். அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிய அன்று உங்கள் மூளைக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது, ‘நான் ஆபத்தானவள், அதனால்தான் ஒளித்து வைக்கிறேன்’ என்பதை. அது நன்றாகவே படித்துக்கொண்டது. அடுத்த வாரம் கத்தரிக்கோலையும் அதுவே கேட்டது.

பைத்தியம் பிடிக்கிறதா?

நீங்கள் பயப்படுகிற நோய் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டில் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அந்தத் தாய்க்குத் தூக்கமே தேவைப்படாது, பேச்சு கோவையாக இருக்காது, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கும். குழந்தை மனிதக் குழந்தையே இல்லை, தெய்வம் என்றோ பேய் என்றோ உறுதியாக நம்புவார். ‘குழந்தையைக் காப்பாற்றத்தான் இதைச் செய்ய வேண்டும்’ என்று அவருக்குத் தோன்றலாம். அது அவசரம். அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை.

உங்களுக்கு அந்த நினைப்பு வந்ததும் வாந்தி வந்தது. நீங்கள் அதை நம்பவில்லை, வெறுக்கிறீர்கள், குழந்தையை அதனிடமிருந்து காப்பாற்ற வீட்டையே காலி செய்கிறீர்கள். ஓசிடியில் வரும் எண்ணம் அந்த மனிதரின் விருப்பத்துக்கு நேர் எதிராக வருவது. யாருக்கு எது உயிரோ அதைப் பிடித்துத்தான் இந்த நோய் ஆட்டும். ஓசிடி காரணமாக இப்படிப் பயப்படும் தாய்மார்கள் அந்த எண்ணத்தின்படி நடந்துவிடுவதில்லை என்பதுதான் எங்கள் துறையின் அனுபவம். ஆனால் நான் மேலே சொன்ன அறிகுறிகளில் எதையாவது உங்கள் அம்மா உங்களிடம் கவனித்தால், இந்தப் பத்தியை மறந்துவிட்டு உடனே கூட்டிப்போகட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிலை ஒரு தடவை, வேண்டுமானால் இரண்டு தடவை படியுங்கள். ‘நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்னு டாக்டரே சொல்லிட்டாங்க’ என்று தினமும் ராத்திரி எடுத்துப் படிக்க ஆரம்பித்தால், உங்கள் 21 ‘முருகா’வோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். போனில் செய்தி தேடுவதும் அதே ரகம். ஆறுதல் பத்து நிமிடம் நிற்கும், பதினோராவது நிமிடம் ‘ஆனால் ஒருவேளை...’ என்று வரும். நூறு சதவீத உறுதி வேண்டும் என்கிறது நோய். அப்படி ஓர் உறுதி உலகத்தில் எதற்குமே கிடையாது. உங்கள் வீட்டுக்கூரை நாளைக்கும் நிற்கும் என்பதற்குக்கூட.

சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. தாயத்து கையில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து என்றால், அங்கே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது முருகன் இல்லை, ஓசிடி. மனசு வந்தால் ஒரு தடவை கும்பிடுங்கள். பாதியில் நினைப்பு வந்தால் வரட்டும், மீதியைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

இரண்டு வழி, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து.

முதலாவது பேச்சு சிகிச்சை. பேச்சு என்று பெயர், ஆனால் அதில் வேலைதான் அதிகம். பயப்படுகிற விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது, எதிர்கொண்ட பிறகு பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருப்பது. 1966-ல் விக்டர் மேயர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் கை கழுவும் நோயாளிக்கு இதைச் செய்தபோது, அறையின் தண்ணீர்க் குழாயையே அடைத்துவிட்டு நர்சுகளைக் காவலுக்கு வைத்தார். இப்போது அவ்வளவு கடுமை இல்லை, உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு படிகூட ஏற்ற மாட்டார்கள். எது எவ்வளவு பயம் தருகிறது என்று நூறுக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். உங்களுக்கென்றால் அது இப்படி இருக்கலாம்: ‘கத்தி’ என்ற சொல்லைத் தாளில் எழுதுவது 20. குழந்தை பக்கத்து அறையில் தூங்கும்போது காய் நறுக்குவது 50. அம்மா வாசலில் உட்கார்ந்திருக்க, நீங்களே குழந்தையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றுவது 80. கீழ்ப்படியில் தொடங்குவீர்கள். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். ‘முருகா’ எண்ணாமல், அம்மாவைக் கேட்காமல், அந்தப் படபடப்போடு அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். அது தானாக இறங்கும். சில நாள் உடனே இறங்காது, இறங்காவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை என்பதை மூளை பார்த்துக்கொள்ளும். வழக்கமாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வு. பழகியவர் துணையில்லாமல் இதை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அதுவும் மனச்சோர்வு இவ்வளவு இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது மாத்திரை. மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளின் மேல் வேலை செய்யும் மருந்துகள். மனச்சோர்வுக்குக் கொடுப்பவைதான், ஆனால் ஓசிடிக்குப் பெரும்பாலும் அளவு கூடுதலாகத் தேவைப்படும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். மூன்றாவது வாரத்தில் ‘இது கேட்கவில்லை’ என்று தூக்கிப்போடுபவர்கள்தான் அதிகம். ஆரம்பத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தூக்கத்தில் கொஞ்சம் தொந்தரவு இருக்கலாம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். குணம் தெரிந்த பிறகும் ஓராண்டாவது தொடர வேண்டியிருக்கும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்லித்தான் மெல்லக் குறைக்க வேண்டும். இது போதைப் பழக்கமாக மாறும் மருந்து இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது அப்படி மாறக்கூடியதாக இருக்கலாம். அதோடு, கைக்குழந்தையோடு படுக்கும் தாய் அடித்துப்போட்டதுபோல் தூங்குவது நல்லதல்ல. இனிமேல் அதை வாங்காதீர்கள். இதுவரை தினமும் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், அட்டையை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். இந்த வகையில் செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. அதனால் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அதைத்தான் பெரும்பாலும் முதலில் யோசிப்போம். குழந்தையின் எடை, ஏதாவது மருந்து எடுக்கிறதா என்பதையெல்லாம் மருத்துவர் கேட்பார். அப்படியே தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறினால் படபடப்பு கூடும்.

பிள்ளையைப் பிரிப்பார்களா?

மாட்டார்கள். வந்து போகும் நோயாளியாகவே பார்க்கக்கூடிய சிகிச்சை இது. ஒருவேளை மனச்சோர்வுக்காக உள்ளே சேர்க்க நேர்ந்தாலும், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் பார்த்து முடிவு செய்தாலோ, குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டாலோதான் விதிவிலக்கு, அதுவும் தற்காலிகமாக. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்குவதற்கென்று 2009 முதல் தனிப் பிரிவே இருக்கிறது. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம் தரும் உரிமை. அதற்கும் விதிவிலக்கு உண்டு: யாருக்காவது உண்மையான ஆபத்து இருந்தால், அதைத் தடுக்கத் தேவையானதை மட்டும் மருத்துவர் வெளியே சொல்லலாம். வேண்டாத எண்ணம் வந்து பயமுறுத்துகிறது என்பது அந்தக் கணக்கில் வராது.

இன்னொரு பயத்தையும் வரிகளுக்கிடையே பார்த்தேன். ‘அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சா டைவர்ஸ்னு நிப்பாங்க.’ மனநலச் சிகிச்சை எடுத்தார் என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்த நீதிமன்றமும் விவாகரத்து கொடுப்பதில்லை. நோய் இருக்கிறது என்பது போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவு கடுமை என்று நிரூபிக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் கணவரைப் பற்றி எழுதிய இடங்களில், வீடியோ காலில் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற ஆளைத்தான் நான் பார்க்கிறேன்.

அவரிடம் சொல்லுங்கள். ஆனால் போனில் வேண்டாம், ராத்திரி அழுதுகொண்டே வேண்டாம். எண்ணத்தின் விவரத்திலிருந்து ஆரம்பிக்கவும் வேண்டாம். ‘பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு ஒரு மனப் பதற்ற நோய் வந்திருக்கு, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம் நிக்கவே மாட்டேங்குது, டாக்டரைப் பார்க்கணும், நீங்க கூட வரணும்’ என்று தொடங்குங்கள். மீதியை மருத்துவர் முன்னால் சொல்லிக்கொள்ளலாம். புகுந்த வீட்டில் வேறு யாரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

உங்கள் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. ‘ஒண்ணும் ஆகாதுடி, நீ தங்கம்’ என்று நீங்கள் இருபது தடவை சொல்வது பாசம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் நோய்க்குச் சோறு போடுகிறீர்கள். திடீரென்று நிறுத்தினால் மகள் தவித்துப்போவாள். சிகிச்சை தொடங்கியதும், அவளோடு பேசி வைத்துக்கொண்டு, ‘இதுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, வா, காபி போடலாம்’ என்று மாற்றுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையையும் மெல்ல மெல்ல அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். காத்து கருப்பு என்று இன்னும் இரண்டு இடத்துக்குக் கூட்டிப்போக நினைத்தால், முதலில் மருத்துவமனை, அப்புறம் அது.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் அங்கேயே தருவார்கள். மனநல மருத்துவரைப் பார்த்து, பேச்சு சிகிச்சைக்கு அங்கே உளவியலாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். நேரில் சொல்ல நா எழாது என்றால் எனக்கு எழுதிய அதே நான்கு பக்கத்தை அவரிடம் நீட்டுங்கள், மூன்றாம் பக்கத்து வரி உட்பட. நீங்களாகச் சொல்லாவிட்டால், இப்படிப்பட்ட எண்ணங்கள் வருமா என்று அவராகக் கேட்காமலும் போகலாம்.

ஆவணிக்குள் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் ஆறேழு வாரம்தான் இருக்கிறது. முழுதாகச் சரியாகாது, ஆனால் பாதி வழி வந்திருக்கலாம். பயணத்தைத் தள்ளிப்போடுவதா என்பதை மருத்துவரோடும் கணவரோடும் சேர்ந்து முடிவெடுங்கள். பயத்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது இன்னொரு பரண்.

கடைசியாக, அரிவாள்மனை. இறக்கலாம், இறக்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு இல்லை, உங்கள் அம்மா கையாலும் இல்லை. சிகிச்சை தொடங்கி நாலைந்து அமர்வு போன பிறகு, அந்தப் படி வரும்போது, நீங்களே ஸ்டூல் போட்டு ஏறி இறக்குங்கள். மூன்று மாதமாகச் சேலைக்குள் கிடந்ததில் துரு ஏறியிருக்கும். சாணை பிடிக்கிறவர் தெருவில் வந்தால் கொடுத்துக் கூர் தீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மொட்டை அரிவாள்மனையில் வாழைத்தண்டு நறுக்க முடியாது.